முதன்மை விண்ணப்பதாரர்

நான் என்ன வேலை செய்கிறேன் என்று ஜெர்சி சிட்டியில் யார் கேட்டாலும் பல வருடங்களாக ஒரே பதிலைத்தான் சொல்லிவந்தேன். "சும்மா, வீட்ல இருந்து ஏதோ பண்றேன்." கேட்டவர்களுக்கும் அது வசதியாக இருந்தது. அடுத்த கேள்வியாக மகள் எந்த கிரேடு படிக்கிறாள் என்று கேட்டுவிட்டு பிரியாணித் தட்டோடு நகர்ந்துவிடுவார்கள்.

அந்த 'ஏதோ' என்னவென்று இங்கே சொல்லிவிடுகிறேன். தடிமனான ஆராய்ச்சி நூல்களின் கடைசிப் பக்கங்களில், பொடி எழுத்தில், அகரவரிசையில் சொற்களும் பக்க எண்களும் இருக்குமே, அந்தச் சொல்லடைவைத் தயாரிப்பது என் தொழில். கணினியே அதைப் போட்டுவிடுகிறது என்று நினைப்பவர்கள் அதிகம். கணினி போடும்தான். 'உப்பு' என்ற சொல் வருகிற நானூறு இடங்களையும் வரிசையாகக் கொட்டிக் கொடுக்கும். உப்புத் திருட்டைப் பற்றி மட்டும் படிக்க வந்தவர் நானூறையும் புரட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். உப்பு என்ற சொல்லே இல்லாமல் இரண்டு பக்கத்துக்கு உப்புத் திருட்டைப் பேசுகிற பேராசிரியர்களும் இருக்கிறார்கள். அந்த இரண்டு பக்கத்தைப் பிடித்து வந்து உப்புக்குக் கீழே உட்காரவைக்க ஒரு மனுஷி புத்தகம் முழுவதையும் படித்தாக வேண்டும். அந்த மனுஷி நான். புத்தகத்தில் என் பெயர் எங்கேயும் இருக்காது.

அமெரிக்காவுக்கு நான் வந்தது கணவருடைய விசாவில் ஒட்டிக்கொண்டு. அவர் வங்கிகளுக்கு ஒப்பந்தத்தில் வேலை செய்யும் கணினிக்காரர். எங்கள் நியூபோர்ட் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்பவர்களில் பாதிப்பேருக்கு அதே வேலைதான். எனக்கு முதலில் வேலை செய்யவே அனுமதி கிடையாது. பிறகு அவருடைய கிரீன் கார்டு விண்ணப்பம் ஒரு கட்டத்தைத் தாண்டியபோது எனக்கும் ஓர் அனுமதி அட்டை கிடைத்தது. அவருடைய வேலை போனால் அந்த அட்டையும் போய்விடும். கிரீன் கார்டு வரிசையோ நகர்வதாகவே தெரியவில்லை. எங்கள் முறை வருவதற்குள் ஒன்பது வயது மகளுக்குப் பேரப்பிள்ளைகள் வந்துவிடும் என்று கணவர் பார்ட்டிகளில் சொல்வார். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு எல்லோருமே அதைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

எனக்கு அதிகம் வேலை தரும் பதிப்பகம் ஜெர்மனியில், லைப்சிக் நகரத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் வரலாற்று நூல்கள் போடுகிறார்கள். அங்கே இருக்கும் எடிட்டர் அம்மாள் ஒருநாள் ஒரு புத்தகத்தைப் பற்றி எழுதிய மின்னஞ்சலின் கடைசியில் போகிறபோக்கில் இரண்டு வரி சேர்த்திருந்தார். தங்கள் நாட்டில் சுயமாகத் தொழில் செய்யும் எழுத்தாளர், மொழிபெயர்ப்பாளர் போன்றவர்களுக்குத் தனியாக ஒரு வதிவிட அனுமதி இருக்கிறது, உங்களுக்கு அது கிடைக்க வாய்ப்பு உண்டு, யோசித்துப் பாருங்கள். அவ்வளவுதான். நான் அந்த இரண்டு வரியை ஒரு வாரம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைத் தோசை கணவருடைய இலாகா. அவர் கல்லில் மாவைப் பரப்பிக்கொண்டிருந்தபோது விஷயத்தை எடுத்தேன்.

"என்னங்க, ஜெர்மனில ஃப்ரீலான்சருக்குன்னு ஒரு ரெசிடென்ஸ் பர்மிட் இருக்காம்."

"யாருக்கு?"

"எனக்கு."

"உனக்குன்னா, நமக்கா?"

"எனக்குக் கிடைச்சா நீங்களும் வரலாம். டிபெண்டன்ட்டா."

தோசை கருகியது. அதை அவரே தன் தட்டில் போட்டுக்கொண்டு, சட்னி இல்லாமல் கடைசிவரை சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்துக் கைகழுவிவிட்டு வந்து, "சரி, அந்த மெயிலை ஃபார்வர்ட் பண்ணு" என்றார்.

அவரைப் பற்றித் தவறாக நினைத்துவிடக் கூடாது. நல்ல மனிதர். வரிசை நகராமல் நகராமல் அவருக்கும் அலுத்திருந்தது. சாயங்காலத்துக்குள் வண்ணம் வண்ணமாக ஓர் அட்டவணை தயாராகிவிட்டது. எந்தெந்தக் காகிதம், எங்கே கிடைக்கும், எத்தனை நகல். எங்கள் வீட்டில் விசா, குடியேற்றம் சம்பந்தப்பட்ட அத்தனையும் அவர் பொறுப்பு. நீல நிற பிளாஸ்டிக் ஃபைல் ஒன்று வைத்திருக்கிறார். அதில் திருமணச் சான்றிதழிலிருந்து மகளுடைய தடுப்பூசி அட்டைவரை எல்லாம் உறைபோட்டு, மும்மூன்று ஜெராக்ஸோடு இருக்கும். நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் மஞ்சள் ஒட்டுச்சீட்டு ஒட்டிக் கொடுப்பார். நான் போடுவேன். பதினோரு வருடம் எங்கள் குடும்பம் இப்படித்தான் சட்டப்படி இந்த நாட்டில் இருந்திருக்கிறது.

ஆனால் இந்தத் தடவை எனக்கு ஓர் ஆசை இருந்தது. வெளியே சொல்ல வெட்கமாக இருந்த ஆசை. கணவன் என்ற சொல்லுக்குக் கீழே ஓர் உள்தலைப்பாகவே நான் இத்தனை வருடம் இருந்துவிட்டேன். ஒரு தடவையாவது ஓர் அரசாங்கம் என் வேலையைப் பார்த்து, இந்த வேலை செய்கிறவள் எங்கள் ஊரில் இருக்கலாம் என்று சொல்ல வேண்டும். ஜெர்மனி எப்படியிருக்கும், குளிர் தாங்குமா, பச்சை மிளகாய் கிடைக்குமா என்றெல்லாம் பிறகுதான் யோசித்தேன். அந்தக் காகிதத்தில் முதன்மை விண்ணப்பதாரர் என்ற இடத்தில் என் பெயர் இருப்பதைப் பார்க்க வேண்டும். அது மறுக்கப்பட்டால் என் 'சும்மா ஏதோ' உண்மையிலேயே சும்மா ஏதோதான் என்று ஆகிவிடும் என்று பயந்தேன்.

விண்ணப்பப் படிவத்தை நானே நிரப்பினேன். அதை அவர் இரண்டு தடவை சரிபார்த்தார். லைப்சிக் பதிப்பகமும், எனக்கு வேலை தரும் இன்னொரு பதிப்பகமும், அங்கே வந்தால் தொடர்ந்து வேலை தருவோம் என்று கடிதம் அனுப்பினார்கள். நான் சொல்லடைவு போட்ட நூல்களின் பட்டியல், பட்டச் சான்றிதழ், காப்பீடு, எல்லாம் சேர்ந்தன. பாக்கியிருந்தது ஒன்றே ஒன்று. அங்கே போய் என்ன செய்யப்போகிறேன் என்பதை விவரித்து ஒரு திட்டம் எழுத வேண்டும்.

"அதை நான் பாத்துக்கறேன். நீ உன் வேலையப் பாரு" என்றார் கணவர்.

என் வேலை அப்போது தலைக்குமேல் இருந்தது. ஐரோப்பாவின் பழைய நகரங்களில் நடந்த உப்பு வணிகத்தைப் பற்றி ஐந்நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு நூல். அதை எழுதியவர், வரி என்ற சொல்லுக்குப் பதினேழு வேறு சொற்களைப் பயன்படுத்தியிருந்தார். அந்த மனிதரைத் திட்டிக்கொண்டே நான் உட்கார்ந்திருந்த ஒரு சனி ஞாயிறில் கணவர் திட்டத்தை எழுதி முடித்துவிட்டார். பத்தொன்பது பக்கம். வழக்கம்போல மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்த இடங்களைக் காட்டினார். நான் ஒரு கையால் உப்புப் புத்தகத்தைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு மறு கையால் கையெழுத்துப் போட்டேன். ஒரு பக்கத்தைக்கூடப் படிக்கவில்லை. யாரோ எழுதிய ஐந்நூறு பக்கத்தை அடிக்குறிப்புவரை படிக்கிறவள், என் எதிர்காலத்தைப் பற்றிய பத்தொன்பது பக்கத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். இதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம்போல இருக்கிறது.

இந்த இடத்தில் கணினிக்காரர்களின் ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். ஒப்பந்த வேலையில் இருப்பவர்களின் ரெஸ்யூமே ஒரு தனி இலக்கியம். ஒரு மாதம் தொட்டுப் பார்த்த மென்பொருள் அதில் மூன்று வருட அனுபவமாகும். பக்கத்து இருக்கைக்காரருக்குச் சொல்லிக்கொடுத்தது குழுவை வழிநடத்தியதாகும். பொய் என்று யாரும் நினைப்பதில்லை. அதற்கு 'பில்டப்' என்று பெயர். எல்லோரும் செய்வதால் செய்யாதவர்தான் சந்தேகத்துக்கு ஆளாவார். என் கணவர் இந்தக் கலையில் கைதேர்ந்தவர். எங்கள் ஊர் ஜர்னல் ஸ்கொயர் பகுதியில் புதிதாக வந்து இறங்கும் பையன்களெல்லாம் ரெஸ்யூமேயைத் தூக்கிக்கொண்டு அவரிடம்தான் வருவார்கள்.

மன்ஹாட்டனில் உள்ள ஜெர்மன் தூதரக அலுவலகத்தில் எங்களுக்குக் காலை நேரம் கொடுத்திருந்தார்கள். மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு ரயில் ஏறினோம். கணவர் நேர்காணலுக்குப் போகும்போது போடும் கோட்டைப் போட்டிருந்தார். நான் பட்டுக்கும் பருத்திக்கும் நடுவில் ஒரு புடவை. மாதிரிக்குக் காட்ட மூன்று கனமான புத்தகங்களைத் தோள்பையில் சுமந்துகொண்டிருந்தேன். நீல ஃபைல் அவர் மடியில் இருந்தது. வழியெல்லாம் அதைத் திறந்து திறந்து காகிதங்களை எண்ணிக்கொண்டே வந்தார்.

எங்கள் முறை வந்ததும் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் போய் நின்றோம். அந்தப் பக்கம் ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மாள். நரைத்த குட்டை முடி, கழுத்தில் சங்கிலி கட்டிய மூக்குக்கண்ணாடி. கணவர் முன்னால் நின்றார், நான் அரையடி பின்னால். யாரும் எங்களை அப்படி நிற்கச் சொல்லவில்லை.

"விண்ணப்பதாரர் யார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார் அந்த அதிகாரி.

நான் கணவரைக் கைகாட்டினேன்.

சத்தியமாகச் செய்தேன். கை தானாகவே போனது. கணவர் என்னைப் பார்க்க, நான் என் கையைப் பார்க்க, அதிகாரி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிவத்தைப் பார்த்தார். "இதில் இருப்பது பெண் பெயர்போலத் தெரிகிறதே" என்றார். நான் ஒரு அடி எடுத்து முன்னால் வந்தேன். கணவர் ஃபைலோடு கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார். அந்தக் கண்ணாடிக்கு முன்னால் இரண்டு பேர் சௌகரியமாக நிற்க இடமில்லை.

கடிதங்களைப் பார்த்தார், தலையாட்டினார். நூல் பட்டியலைப் பார்த்தார், தலையாட்டினார். பிறகு அந்தப் பத்தொன்பது பக்கத்தை எடுத்தார். மூன்றாம் பக்கத்தில் தலையாட்டல் நின்றது. ஏழாம் பக்கத்தில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"நீங்கள் தனியாளாகச் செய்யும் தொழிலுக்கு விண்ணப்பித்திருக்கிறீர்கள். இந்தத் திட்டத்தில் ஒரு கம்பெனி இருக்கிறது. ஐந்தாம் வருடத்தில் பன்னிரண்டு ஊழியர்கள், மூன்று நகரங்களில் அலுவலகம், ஒரு மென்பொருள் தளம். கம்பெனி தொடங்குவதற்கு வேறு வழி இருக்கிறது, அதற்கு வேறு விதிகள். இரண்டில் எது?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எந்த ஊழியர்கள்? என் மேசையே படுக்கையறை ஜன்னலோரத்தில் இருக்கிறது. பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டால் அலமாரிக் கதவு திறக்காது.

கணவர் கண்ணாடிப் பக்கம் குனிந்தார். "மேடம், என் மனைவி சொல்லவருவது என்னவென்றால்..."

"நான் அவரைக் கேட்கிறேன்" என்றார் அதிகாரி. குரலில் கோபம் இல்லை. கதவைச் சாத்துகிற மாதிரி நிதானமாகச் சொன்னார்.

"அந்தத் திட்டத்தை நான் ஒரு நிமிடம் பார்க்கலாமா?" என்று கேட்டேன். நான் கையெழுத்துப் போட்ட காகிதத்தை நானே கேட்டு வாங்குவதைப் பார்த்து அதிகாரியின் புருவம் உயர்ந்தது. ஆனாலும் தடுப்புக்குக் கீழே தள்ளினார்.

முதல் பக்கத்திலேயே என் புகைப்படம். அதற்குக் கீழே 'நிறுவனர், தலைமைச் செயல் அதிகாரி'. நான் உலகளாவிய அறிவுக் கட்டமைப்பில் முன்னோடியாம். என் தலைமையில் பல நாட்டுக் குழுக்கள் இயங்கியிருக்கின்றனவாம். கட்டம் கட்டமாக ஓர் அமைப்பு வரைபடம் இருந்தது. உச்சியில் நான். எனக்குக் கீழே, செயல்பாட்டுத் தலைவர் என்ற கட்டத்தில் என் கணவர். அவருக்குக் கீழே இன்னும் பிறக்காத பதினோரு ஊழியர்கள். பத்தொன்பது பக்கத்தில் சொல்லடைவு என்ற சொல் எங்காவது வருகிறதா என்று தேடினேன். தேடுவது என் தொழில். பதினான்காம் பக்கத்தில் ஓர் அடிக்குறிப்பில் இருந்தது.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் முட்டியது. இந்த மனிதர் ஒரு சனி ஞாயிறு முழுவதும் உட்கார்ந்து எனக்குச் சிம்மாசனம் செய்திருக்கிறார். தனக்கு மேலே என்னை உட்காரவைத்து, அதற்கு நிறமும் அடித்திருக்கிறார். ஏனென்றால் நான் நிஜமாகச் செய்வது போதும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

"இது நான் எழுதியது இல்லை" என்று அதிகாரியிடம் சொன்னேன். "படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன். தப்பு என்னுடையது."

பக்கத்தில் கணவர் ஒரு அங்குலம் குள்ளமானது தெரிந்தது. அதிகாரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இதைத் திரும்ப எடுத்துக்கொண்டு வேறொன்று கொடுக்கலாம். புதிதாக நேரம் வாங்கி வரலாம், அதற்குச் சில மாதங்கள் ஆகும். அல்லது இங்கேயே உட்கார்ந்து, நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள், அங்கே போய் என்ன செய்வீர்கள் என்று உங்கள் வார்த்தையில் எழுதிக் கொடுக்கலாம். நான் நண்பகல்வரை இருப்பேன்" என்றார்.

சில மாதம் என்றதும் கணவர், "புதுசா அப்பாயின்ட்மென்ட் வாங்கிடலாம்மா, நல்லா ப்ரிப்பேர் பண்ணி..." என்று ஆரம்பித்தார்.

"இங்கயே எழுதறேன்" என்றேன்.

"நான் வேணா பாயின்ட்ஸ் சொல்லட்டா?"

"வேண்டாம். அங்க போய் உக்காருங்க."

அவர் போய் உட்கார்ந்தார். ஏரியும் மலையுமாக ஒரு சுற்றுலாப் படம் மாட்டிய சுவருக்குக் கீழே, நீல ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு. நான் அவரிடம் அந்தக் குரலில் அதற்குமுன் பேசியதில்லை. அதுபற்றிக் குற்ற உணர்ச்சி கொள்ளவும் நேரம் இல்லை, மணி பத்தரை ஆகியிருந்தது.

வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு கால்மணி நேரம் ஒரு வரி எழுதவில்லை. 'நான்' என்று ஆரம்பிக்க வரவில்லை. பேராசிரியர்கள் சொன்னதை நான்கு சொல்லில் சுருக்குவது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. என்னை நான்கு சொல்லில் சுருக்கத் தெரியவில்லை. கடைசியில் ஒரு புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, இதை எப்படிச் செய்தேன் என்று மட்டும் எழுதினேன். முதல் வாசிப்பில் ஒன்றையும் குறிக்க மாட்டேன், சும்மா படிப்பேன். இரண்டாம் வாசிப்பில் குறிப்பேன். மூன்றாம் வாசிப்பில் பாதியை அடிப்பேன். வருடத்தில் இத்தனை நூல்தான் முடியும், அதற்குமேல் எடுத்தால் தரம் கெடும். கடைசி வரியை எழுதும்போது பேனா தயங்கவே இல்லை. நான் தனியாக வேலை செய்கிறேன், லைப்சிக்கிலும் தனியாகத்தான் செய்வேன், யாரையும் வேலைக்கு வைக்கும் எண்ணம் இல்லை. மொத்தம் ஒன்றரைப் பக்கம் வந்தது.

அதிகாரி படித்தார். பிறகு மாதிரிப் புத்தகம் ஒன்றைக் கேட்டார். முந்தைய வருடம் முடித்த, சாலைகளின் வரலாறு பற்றிய நூலைத் தள்ளினேன். கடைசிப் பக்கங்களைத் திறந்து விரலால் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் நின்றார். "சாலைகள், வழிதவறிய மதகுருமார்கள்" என்று சத்தமாகப் படித்துவிட்டு அந்தப் பக்கத்தைத் தேடிப் போனார். அங்கே நின்றபடியே ஒரு பத்தி படித்தார். அவர் சிரித்ததைக் கேட்டு அடுத்த ஜன்னல்காரர் எட்டிப் பார்த்தார்.

"எந்தச் சொல்லைச் சேர்ப்பது, எதை விடுவது என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்?"

"யார் தேடி வருவார்கள் என்று யோசிப்பேன். அவர்கள் அவசரத்தில் எந்தச் சொல்லோடு வருவார்கள் என்று யோசிப்பேன். ஆசிரியருடைய சொல் அதுவாக இல்லாவிட்டாலும் அந்தச் சொல்லை வைத்துவிடுவேன்."

இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. யாரும் கேட்டதில்லை. அவர் என் ஒன்றரைப் பக்கத்தைக் கோப்பில் சேர்த்தார். "முடிவு லைப்சிக் குடியேற்ற அலுவலகத்தையும் பொறுத்தது, சில வாரங்கள் ஆகும், நான் எதற்கும் உறுதி சொல்ல முடியாது" என்றார். பத்தொன்பது பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

வெளியே வந்து தெருமுனைவரை நடந்தோம். தள்ளுவண்டியில் காபி வாங்கிக்கொண்டு ஒரு படிக்கட்டில் உட்கார்ந்தோம்.

"நான் பண்றது போதாதுன்னு நினைச்சீங்களா?"

"அவங்களுக்குப் போதாதுன்னு நினைச்சேன்."

"உங்களுக்கு?"

"நீ என்ன பண்றேன்னு எனக்குச் சரியாத் தெரியாதும்மா. நீ சொன்னதே இல்ல."

சண்டைக்குத் தயாராக வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் அப்படியே நின்றுவிட்டன. கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் சொன்னது உண்மை. பார்ட்டிகளில் எல்லோரிடமும் சொன்ன அதே பதிலைத்தான் வீட்டிலும் சொல்லியிருக்கிறேன். உள்ளே போய்ப் பார்க்க அவர் கதவைத் தட்டவில்லை என்பதும் உண்மைதான். அதையும் அவரிடம் சொன்னேன். "ஆமா" என்றார். மேற்கொண்டு ஒன்றும் சொல்லாததற்காக அவரைப் பிடித்திருந்தது.

அந்த வாரங்களில் வீட்டில் ஒரு விநோதமான மரியாதை நிலவியது. நான் வேலை செய்யும்போது மகளிடம், "அம்மா செகண்ட் ரீடிங்ல இருக்காங்க, டிஸ்டர்ப் பண்ணாத" என்று தணிந்த குரலில் சொல்வார். மூன்றாம் வாசிப்பில் இருந்தபோதும் அதையேதான் சொன்னார். ஒருநாள் அலுவலகத்திலிருந்து வந்து, அவர்களுடைய எண்ணூறு பக்கக் கையேட்டுக்குச் சொல்லடைவே இல்லை என்று நிஜமான ஆத்திரத்தோடு புகார் செய்தார். இத்தனை வருடம் அதை எப்படிப் பயன்படுத்தினீர்கள் என்று கேட்டேன். யாரும் பயன்படுத்தியதில்லையாம்.

கடிதம் வந்தது. கொடுத்துவிட்டார்கள். பாஸ்போர்ட்டுகளை அனுப்பி வாங்கினோம். என்னுடையதில் என் தொழிலைச் சொல்லி விசா இருந்தது. அங்கே போனதும் அதைக் காட்டி வதிவிட அட்டை வாங்கிக்கொள்ளலாம். அவருடையதில் இன்னாருடைய கணவர் என்ற பொருளில் ஒரு குறிப்பும், என் பெயரும் இருந்தன. அவர் வேலை செய்யவும் அனுமதி உண்டு. வேலைதான் அங்கே போய்த் தேட வேண்டும், இங்குள்ள வங்கி அந்நிய நாட்டிலிருந்து வேலை செய்ய விடாது. மகள் இரண்டு பாஸ்போர்ட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "ஸோ அப்பா இஸ் யுவர் ப்ளஸ் ஒன்?" என்றாள். விருந்துக்கு அழைப்பு வந்தவர் கூடக் கூட்டிப்போகும் ஆளுக்கு இங்கே அந்தப் பெயர். நான் சோபாவில் சாய்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன். அவரும் சிரித்தார். அன்று முழுவதும் நான் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். குப்பையைக் கொண்டுபோய்ப் போடும்போதுகூட முதன்மை விண்ணப்பதாரராகவே போனேன்.

விசா வந்து பத்து நாள்கூட ஆகியிருக்காது. லைப்சிக்கில் மகளைச் சேர்க்கப்போகும் பள்ளியிலிருந்து ஒரு படிவம் வந்தது. வழக்கம்போல அவரே எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். நான் எதிரே கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். மகளின் பெயர், பிறந்த நாள், தடுப்பூசி என்று மளமளவென்று எழுதிக்கொண்டு போனார். தாயின் தொழில் என்ற இடத்தில் என்னைக் கேட்காமலே, சரியான எழுத்துகளோடு, என் தொழிலை எழுதினார். பிறகு பேனா நின்றது.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் நிமிர்ந்து பார்த்தேன். தந்தையின் தொழில் என்ற கட்டத்துக்கு மேலே பேனா அந்தரத்தில் இருந்தது.

"இதுல என்ன போடட்டும்?" என்று கேட்டார்.

கேலி செய்ய இதைவிட நல்ல தருணம் அமையாது. பதினோரு வருடமாக என்னிடம் சேர்ந்து கிடந்தவற்றில் எதை வேண்டுமானாலும் எடுத்து வீசியிருக்கலாம். ஆனால் அவர் அதை விளையாட்டாகக் கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் பில்டப் கொடுக்கத் தெரிந்த மனிதர், தன்னுடைய ஒரு கட்டத்துக்கு ஒரு சொல் கிடைக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை நான் முன்பே எங்கோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. அது என்னுடையது.

"இப்போதைக்குக் காலியா விட்டுடுங்க" என்றேன். "யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"ஒரு மாதிரி இருக்கும்ல?"

இருக்காது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எனக்கு வேலை அனுமதி இல்லாத நாட்களில் அந்தப் பொய்யை இவரே இதே மாதிரி ஒரு மேசையில் உட்கார்ந்து எனக்குச் சொல்லியிருக்கிறார்.

"இருக்கும்" என்றேன். கீரைத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டேன்.